கப்பல் பயணம்... கைப்பையில் என்ன இருக்கிறது?

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தால், "என்ன, கப்பலா கவுந்துபோச்சு?" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். கேட்கிறவரும் கப்பலைப் பார்த்திருக்க மாட்டார், உட்கார்ந்திருப்பவரும் பார்த்திருக்க மாட்டார்! மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்குக் கப்பல் என்பது பேச்சில் மட்டும் வருகிற சாமான். இத்தனைக்கும் கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக் கடல் 60 கிலோமீட்டர் தூரம்தான்.

இப்போது காலம் மாறிவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸிலோ முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்துச் சென்னைத் துறைமுகத்துக்குப் போய், "மூணு ராத்திரி, சாப்பாட்டோட சேர்த்து இவ்வளவுதான்" என்று கப்பலேறிவிடுகிறார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர், பேங்கில் ரிட்டயரானவர், அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதி என்று நமக்குத் தெரிந்த மனிதர்களே போய்விட்டு வந்து போட்டோ காட்டுகிறார்கள். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம்.

போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் வீட்டில் சர்க்கரைக்காரர், பி.பி.காரர், முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரி யாராவது இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

தாத்தா போன கப்பல் வேறு

கப்பல் நமக்கு முழுக்கப் புதுசு என்றும் சொல்லிவிட முடியாது. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.தானே 1906-ல் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகத் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்? அப்புறம் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன நம் தாத்தாக்களை 'ரஜூலா' கப்பல் 1926-லிருந்து 1973 வரை சுமந்தது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பல் கிளம்பியபோது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். சில மாதங்களிலேயே, அந்த வருஷம் நவம்பரில், அதுவும் நின்றுபோனது.

அந்தப் பயணமெல்லாம் பிழைப்புக்கும் போக்குவரத்துக்கும். மேல் தட்டில் பாயை விரித்து, ஊறுகாய் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு போன பயணம். இப்போது வந்திருப்பது உல்லாசக் கப்பல். எங்கும் 'போய்ச் சேர' வேண்டியதில்லை. கப்பலில் இருப்பதுதான் பயணமே!

சென்னையிலிருந்து இந்தக் கப்பலின் பயணம் 2022 ஜூனில் தொடங்கியது. 'எம்ப்ரஸ்' என்ற கப்பல். 1990-ல் பிரான்ஸில் கட்டியது. நீளம் 211 மீட்டர். இதில் ஒரு சுவாரஸ்யம், இந்தக் கப்பலை மூன்று, நான்கு ராத்திரிப் பயணங்களுக்கு என்றே அப்போது வடிவமைத்தார்கள். அமெரிக்கப் பக்கம் வெகுகாலம் ஓடிய பிறகு இந்தியாவுக்கு வந்தது. மேற்குக் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கிற மாதங்களில் மும்பைப் பக்கமிருந்து சென்னைக்கு வந்துவிடுகிறது. இங்கிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி என்றும், 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்றும் போய் வந்திருக்கிறது.

டீச்சரம்மா போன கதை

கோவில்பட்டியில் நான் சந்தித்த அந்த டீச்சரம்மாவுக்கு வயது 63. ரிட்டயராகி ஐந்து வருஷம். கணவர் நூற்பாலையில் வேலை பார்த்தவர். மகன், மருமகள், பேத்தி சென்னையில். மகன்தான் "ஒரு தடவை வாங்கம்மா, கப்பல்ல போவோம்" என்று கூப்பிட்டிருக்கிறார். மூன்று ராத்திரி. டீச்சரம்மாவுக்குச் சர்க்கரை 14 வருஷமாக இருக்கிறது. ஊசி கிடையாது, மாத்திரைதான். கட்டுப்பாட்டில் இருந்தது.

"முத நாளு ஒண்ணுமே தெரியலம்மா. ஆஸ்பத்திரி மாதிரி வராந்தா, ஓட்டல் மாதிரி ரூமு. கப்பல் நகருதான்னே தெரியல. ராத்திரி மேல போய் நின்னா சுத்தி இருட்டு, மேல நட்சத்திரம். எங்க ஊர்ல கூட இப்ப அப்படி நட்சத்திரம் தெரிய மாட்டேங்குது. எம் பேத்தி, 'ஆச்சி, தண்ணிக்கு எல்லையே இல்ல'ன்னா. தண்ணி லாரிக்குக் குடத்த வரிசையில வச்சவளுக்கு அதக் கேட்டதும் சிரிப்பு வந்துருச்சு!"

(அந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்று. கப்பலில் குளிக்கவும் குடிக்கவும் வருகிற தண்ணீரில் பெரும்பகுதி கடல் நீர்தான். ஆவியாக்கியோ, சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியோ உப்பை எடுத்துவிட்டு, குளோரின் சேர்த்துக் குழாயில் விடுகிறார்கள். துறைமுகத்தில் பிடித்துக்கொள்வதும் உண்டு.)

அவர்களுக்குக் கிடைத்தது உள் அறை. கட்டணம் குறைவான பயணம் என்றால் பெரும்பாலும் அதுதான். ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் மண்பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருட்டு. பொழுது விடிந்ததா இல்லையா என்றே தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, விலைக்கேற்ற அறை. ஆனால் கப்பல் ஆடும்போது வெளியே எதையும் பார்க்க முடியாது என்பதை மனதில் வையுங்கள். இந்த விஷயம் பின்னால் வரப்போகிறது.

இரண்டாம் நாள் காலையில் காற்று கொஞ்சம் வேகம். கப்பல் மெதுவாகத் தூக்கிப் போட ஆரம்பித்தது. டீச்சரம்மா வழக்கம்போல ஏழு மணிக்குக் காபியோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். எட்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு இட்லி. ஒன்பது மணிக்கு அத்தனையும் வாந்தி. அறைக்கு வந்து படுத்துவிட்டார். "கப்பல் மயக்கம்தான், படுத்தா சரியாப் போயிரும்" என்று எல்லோரும் சொன்னார்கள். படுத்தார். மறுபடி குமட்டல். தண்ணீர்கூட இறங்கவில்லை.

பதினோரு மணிக்கு மருமகள் எட்டிப் பார்க்கும்போது நைட்டி முழுக்க வியர்வை. கை நடுங்குகிறது. முகம் வெளுத்திருக்கிறது. "அத்தை, அத்தை" என்று உலுக்கினால், "பெல்லடிச்சாச்சு, ரெண்டாம் பீரியடு எனக்கில்ல" என்கிறார்!

மருமகளுக்குத் திக்கென்றது. பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தது. ஒன்றை உடைத்து வாயில் வைத்திருக்கிறார். மென்று விழுங்க மாமியாருக்குத் தெம்பில்லை, வெளியே துப்பிவிட்டார். குளுக்கோமீட்டரோ சென்னை வீட்டு மேஜை மேலேயே இருந்துவிட்டது. மகன் ஓடிப் போய்க் கப்பல் மருத்துவமனையில் சொல்ல, நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48!

இரண்டுக்கும் ஒரே முகம்

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கப்பல் மயக்கத்துக்கு என்னென்ன அறிகுறி? வியர்வை, முகம் வெளுத்தல், குமட்டல், தலைசுற்றல், சோர்வு. சர்க்கரை இறங்கினால் என்னென்ன அறிகுறி? வியர்வை, முகம் வெளுத்தல், குமட்டல், தலைசுற்றல், சோர்வு! ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். கூடவே கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல் இருந்தால் சர்க்கரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கப்பல் மயக்கம் எத்தனை மோசமாக இருந்தாலும், ரிட்டயரான டீச்சரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாது.

டீச்சரம்மா போட்டது இரண்டு மாத்திரை. ஒன்று மெட்ஃபார்மின். இன்னொன்று கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் தனியாகப் பொதுவாகச் சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்காது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகையறா அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, வாந்தி எடுத்தீர்களா என்றெல்லாம் கேட்காது. கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்துவிடும். வயிற்றில் சோறில்லாமல் இன்சுலின் மட்டும் வேலை செய்தால் என்னாகும்? 48 ஆகும்.

கடலைமிட்டாய் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பெருமை, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், அதைக் குறை சொன்னால் கோவில்பட்டிக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஆனால் சர்க்கரை இறங்கிய நேரத்துக்கு அது சரியான மருந்தில்லை. நிலக்கடலையில் உள்ள கொழுப்பு, வெல்லம் ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அதோடு, அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் கடினமான பண்டத்தை வைத்தால் புரையேறும் ஆபத்து. சாக்லேட்டுக்கும் இதே கதைதான்.

சரியான முறை இதுதான். 70-க்குக் கீழே இறங்கினால், விழுங்கும் நினைவு இருக்கும் பட்சத்தில், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையா? மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ, ரொட்டியோ, இட்லியோ. நினைவே இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே மருத்துவ உதவிதான்.

நர்ஸ் அப்படியேதான் செய்தார். குளுக்கோஸ் தண்ணீர், 15 நிமிஷம். 66. மறுபடி ஒரு டம்ளர். 92. "அப்பாடா" என்று மகன் அறைக்குக் கூட்டிப் போகப் பார்த்தார். கப்பல் டாக்டர் விடவில்லை. ராத்திரி வரை அங்கேயே படுக்க வைத்து அடிக்கடி சர்க்கரை பார்த்தார். காரணம் இருக்கிறது. கிளிமிபிரைடு வகை மாத்திரையின் வேகம் ஒரு நாள் வரைக்கும் நீளும். குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரை மறுபடி சரியும். வீட்டிலும் இது நடக்கும். "ஸ்வீட் குடுத்தோம், சரியாயிட்டாங்க, தூங்க வச்சோம்" என்று சொல்லிவிட்டு, ராத்திரியில் மறுபடி மயங்கியவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் குடும்பங்கள் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, வயதானவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே, சர்க்கரை உள்ளவர்கள் கப்பலோ, பஸ்ஸோ, கொடைக்கானல் மலைப்பாதையோ, கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "சாப்பிட முடியாம வாந்தி வந்தா, எந்த மாத்திரைய நிறுத்தணும், எத நிறுத்தக் கூடாது?" பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஆளுக்கு ஆள் பதில் மாறும். 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகளை (டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) வாந்தியும் பட்டினியுமாக இருக்கும்போது தொடர்ந்து போட்டால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறக்கூடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது, அதனால் சந்தேகமே வராது. மெட்ஃபார்மினையும் உடம்பில் நீர் வற்றும்போது தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதுண்டு. சில பி.பி. மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் விஷயத்திலும் அப்படித்தான். ஆனால் இன்சுலின் போடுபவர்கள், முக்கியமாகச் சின்ன வயதிலிருந்தே இன்சுலினை நம்பி இருப்பவர்கள், "சாப்பிடலையே" என்று ஊசியை முழுசாக நிறுத்திவிடக் கூடாது. அளவை மாற்றுவது டாக்டர் சொல்படிதான்.

தலை ஏன் சுற்றுகிறது?

காதுக்குள் உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. கப்பல் ஏறி இறங்கும்போது அது "ஆடுது, ஆடுது" என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ அறைச் சுவரையும் கட்டிலையும் பார்த்து, "எல்லாம் அசையாம இருக்கே" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பிப்போகிறது. குமட்டல் அந்தக் குழப்பத்தின் விளைவு. அதனால்தான் ஜன்னலில்லாத அறையில் படுத்துக்கொண்டு செல்போன் பார்த்தால் வாந்தி சீக்கிரம் வரும். வெளியே வந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்து நின்றால் கண்ணும் காதும் ஒரே பேச்சைப் பேசும், குமட்டல் அடங்கும்.

ஊஞ்சல் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத்தானே வீச்சு அதிகம்? கப்பலும் அப்படித்தான். முன் முனையிலும் பின் முனையிலும் உயரத் தளங்களிலும் ஆட்டம் அதிகம், நடுவில் கீழ்த்தளத்தில் குறைவு. டிக்கெட் போடும்போதே "நடுவில் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா?" என்று கேளுங்கள். கீழ்த்தளத்து அறை பெரும்பாலும் விலையும் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனமும் சுகமும் ஒன்று சேர்கின்றன!

காலி வயிறும் ஆகாது, பிடி பிடியென்று பிடித்த வயிறும் ஆகாது. எண்ணெய்ப் பலகாரம், மதுபானம் இரண்டும் குமட்டலைக் கூட்டும். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது. நம் ஊர் இஞ்சி முரப்பா ஒரு துண்டு வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம், சர்க்கரைக்காரர்கள் முரப்பாவை விட்டுவிட்டு வெறும் இஞ்சி.

மாத்திரை என்றால் நம் வீடுகளில் அவோமின் பிரபலம். அது வாந்தி வந்த பிறகு போடுகிற மாத்திரை இல்லை. வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி முன்னாலேயே, நீண்ட பயணமென்றால் முதல் நாள் ராத்திரியே போட வேண்டும். நல்ல தூக்கம் வரும். வாய் உலரும். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சரியாகப் போகாத ஆண்கள், கண்ணில் கிளாகோமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. இன்னொரு மாத்திரை சின்னாரிசின். அது பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

இரண்டு மூன்று நாள் கடலில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு பழகிவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று ராத்திரிப் பயணத்தில் உடம்பு பழகுகிற சமயத்தில் கப்பல் சென்னைக்குத் திரும்பியிருக்கும்!

பஃபேயும் வயிறும்

சாப்பாடு விஷயத்தில் டீச்சரம்மாவுக்கு மகா திருப்தி. இட்லி, பூரி, ரொட்டி, பழம், எத்தனை வகை! "எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்றார் அவர் கணவர். அதுதான் பிரச்னையே. கட்டணத்தில் சேர்ந்த சாப்பாடு என்றதும், கல்யாணப் பந்தியில்கூட அளவாகச் சாப்பிடும் மனுஷர் நாலு வேளையும் தட்டை நிரப்புகிறார். சர்க்கரைக்காரர் என்றால் காய்கறியும் பருப்பும் முதலில், இனிப்பு கடைசியில், அதுவும் பேருக்கு.

இதைவிடப் பெரிய விஷயம் கரண்டி. ஒரே பரிமாறும் கரண்டியை ஆயிரம் கைகள் தொடுகின்றன. கப்பல்களில் அடிக்கடி பேசப்படும் 'நோரோ' வைரஸ் இப்படித்தான் பரவுகிறது. தொற்றி 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், ஆனால் குழந்தைகளையும் முதியவர்களையும் நீர்ச்சத்து வற்றிப் படுக்க வைத்துவிடும். அமெரிக்காவில் கப்பல்களின் சுத்தத்தைக் கண்காணிக்க 1975-லேயே தனித் திட்டம் போட்டுவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் வைத்திருக்கும் சானிடைசரைக் கையில் தடவிக்கொண்டு திருப்திப்பட்டுவிடாதீர்கள். நோரோ வைரஸிடம் ஆல்கஹால் அவ்வளவாகச் செல்லாது. சோப்பு போட்டு, தேய்த்து, 20 விநாடி கழுவினால்தான் போகும். பரிமாறி எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை கழுவிவிட்டு வருவது உத்தமம்.

மூடிய இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருப்பதால் இருமலும் சளியும் சுலபமாகப் பரவும். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. காய்ச்சலும் இருமலுமாக இருக்கும்போது, "பணம் கட்டியாச்சே" என்று ஏறாதீர்கள். தேதியை மாற்ற முடியுமா, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுக்கடலில் டாக்டர்

உல்லாசக் கப்பலில் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள். ஆக்சிஜன், ஈ.ஸி.ஜி., குளுக்கோஸ் ஏற்றுதல், அவசர மருந்துகள் எல்லாம் கிடைக்கும். ஆனால் அது நம் ஊர் நர்சிங் ஹோமின் முன் அறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஞ்சியோபிளாஸ்டி, ஆபரேஷன், டயாலிசிஸ் எதுவும் முடியாது. நிலைமை மோசமானால் அடுத்த துறைமுகம் வரை தாக்குப்பிடிக்க வைப்பார்கள், இல்லாவிட்டால் கடலோரக் காவல்படையின் உதவியோடு கரைக்குக் கொண்டுவர வேண்டும். கடலில் ஆபத்துக்கு அந்தப் படையைக் கூப்பிட 1554 என்ற எண் இருக்கிறது. கப்பலில் இருக்கும்போது நீங்கள் போன் தேட வேண்டாம், கேப்டனே ஏற்பாடு செய்வார். அந்த எண் நம் தூத்துக்குடி, வேம்பார் மீனவர் வீடுகளுக்கும் சுற்றுலாப் படகில் ஏறுபவர்களுக்கும்தான் அதிகம் உதவும்.

கப்பல் மருத்துவமனையில் கட்டணம் பொதுவாகத் தனி. டிக்கெட்டில் சேராது. டீச்சரம்மா குடும்பமும் பில் கட்டித்தான் வந்தது. பயணக் காப்பீடு எடுக்கும்போது, பழைய நோய்க்கும் கரைக்குத் தூக்கி வரும் செலவுக்கும் அது பொருந்துமா என்று பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் சிக்கல் அந்த இரண்டு வரியில்தான் இருக்கும்.

யார் போக வேண்டாம்? சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்துச் சில வாரமே ஆனவர்கள், நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் ஆகாத குழந்தைகளுக்கும் பொதுவாக அனுமதியில்லை. மசக்கை வாந்தி இருக்கும் மூன்று மாதத்தில் அனுமதி கிடைத்தாலும் போகாமல் இருப்பதே நல்லது, வாந்திக்கு மேல் வாந்தி!

சங்கு ஊதினால்...

கப்பல் கிளம்பும் முன்னோ, கிளம்பிய கையோடோ உங்களைக் கூட்டி ஆபத்துக்கால ஒத்திகை காட்டுவார்கள். ஏழு குட்டைச் சங்கொலி, ஒரு நீண்ட சங்கொலி கேட்டால், குறிப்பிட்ட இடத்தில் கூட வேண்டும். "இதுக்கெல்லாம் எதுக்கு, முட்டி வலிக்குது" என்று பெரியவர்கள் அறையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கான்கார்டியா' கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஒத்திகையைத் தள்ளிப்போடக் கூடாது என்று சர்வதேச விதியையே 2015-ல் கடுமையாக்கினார்கள்.

ஒத்திகையின்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அறையிலிருந்து கூடும் இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படியில் போய்ப் பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. முழங்காலுக்கு முடியவில்லையென்றால் அப்போதே ஊழியரிடம் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். டீச்சரம்மாவின் கணவர் அப்படித்தான் செய்தார். படி ஏறி இறங்கி, எத்தனை படி என்று எண்ணியும் வைத்திருக்கிறார். மில்லில் தீயணைப்புப் பயிற்சி எடுத்த ஆள்!

முழங்கால் வலிக்காரர்களுக்கு இன்னொரு இடமும் சோதனை. எல்லாத் துறைமுகத்திலும் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்தபோது கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, பயணிகள் சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போனார்கள். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் கால் மாற்றி வைக்கும் அந்த ஒரு நொடி, இரண்டும் வேறு வேறு தாளத்தில் ஆடும். இடுப்பெலும்பு முறிய அது போதும். பயமாக இருந்தால் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாம். 2022-ல் அதே புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் யாருமே இறங்க முடியவில்லை. ஆகவே இன்ன ஊரைப் பார்த்தே தீர வேண்டும் என்று கப்பலேறுவதில் அர்த்தமில்லை.

கைப்பை, பெட்டி இல்லை!

துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டுவிடுவார்கள். அது உங்கள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மாத்திரையெல்லாம் பெட்டிக்குள் இருந்தால் மத்தியான மாத்திரை போச்சு. அதனால் மருந்து முழுவதும் தோளில் மாட்டும் கைப்பையில். மூன்று நாள் பயணத்துக்கு ஆறு நாள் மருந்து, புயலால் கப்பல் தாமதமாகலாம். டாக்டர் சீட்டு ஒன்று. குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப். நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குளுக்கோஸ் பொடி ஒரு சின்ன டப்பா. அவோமின் அல்லது டாக்டர் சொன்ன மாத்திரை. இன்சுலின் வைத்திருந்தால் அதுவும் கைப்பையில்தான், அறைக்குப் போனதும் குளிர்பெட்டி இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். உறைந்துபோகிற அளவு குளிரும் ஆகாது. கடலைமிட்டாய்? தாராளமாக எடுத்துப் போங்கள். பக்கத்து அறைக்காரரோடு சிநேகம் பிடிக்க அதைவிட நல்ல பொருளில்லை.

சென்னையில் இறங்கிய டீச்சரம்மாவுக்கு எழும்பூர் பிளாட்பாரமே மெதுவாக ஆடுவது மாதிரி இருந்திருக்கிறது. மறுபடி சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று மருமகள் உடனே விரலில் குத்திப் பார்த்தார் (இந்த முறை மீட்டர் கையில்!). 134. கவலைப்பட ஒன்றுமில்லை. கடலின் ஆட்டத்துக்குப் பழகிய மூளை, தரைக்குத் திரும்பிப் பழக ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து நடக்க வேண்டும், ஸ்கூட்டர் ஓட்டுவதைத் தள்ளிப்போட வேண்டும். ஒரு மாதமாகியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கலாம்.

ஊருக்கு வந்த மறுநாளே தன் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கிளிமிபிரைடின் அளவைக் குறைத்துவிட்டு, வாந்தி நாளில் என்ன செய்ய வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு இப்போது டீச்சரம்மா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

"மறுபடி போவீங்களா?" என்று கேட்டேன். "ஏன் போகாம? நாகப்பட்டினத்துலருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் போகுதாமே, நல்லூர்க் கந்தசாமியப் பாக்கணும்" என்றார். அந்தச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. காங்கேசன்துறைக்குச் சில மணி நேரப் பயணம்தான். மழைக்காலத்தில் நிறுத்திவைப்பார்கள், அதனால் தேதியை விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும். ஆனால் டீச்சரம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சுமார் 150 பேர் போகிற சின்னக் கப்பல் அது. பெரிய கப்பலைவிட அதிகமாகவே ஆடும். மாத்திரையை முந்தின நாள் ராத்திரியே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும், காலையில் இரண்டு இட்லி வயிற்றில் நின்ற பிறகுதான் சர்க்கரை மாத்திரை.

"எழுதிக் குடுங்க, அதையும் ஃப்ரிட்ஜுல ஒட்டிக்கிடுதேன்" என்றார்.